நீலக் காரின் மேல் மஞ்சள் தூறல்

பெரியப்பாவின் கருநீலக் கார் எங்கள் வீட்டில் நின்ற வருடம் நாங்கள் எல்லோரும் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தோம். திருக்காட்டுப்பள்ளியை ஒட்டிய எங்கள் ஊரில் கார் ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் அந்தக் காரில் முகம் பார்த்துத் தலைவாரலாம்.

பெரியப்பா மஸ்கட்டில் வேலை பார்த்தார். லீவில் வந்தபோது அதைப் புதிதாக வாங்கி ஒரு மாதம் ஓட்டிவிட்டு, அப்பாவின் பொறுப்பில் விட்டுப் போனார். நிலம் பாகம் பிரித்ததில் அண்ணனும் தம்பியும் சில வருடங்கள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தவர்கள். கார் எங்கள் வாசலுக்கு வந்ததைத்தான் வீட்டில் சமாதானம் என்று எடுத்துக்கொண்டார்கள். பெரியப்பா போன் செய்தால் முதலில் காரை விசாரிப்பார், அப்புறம்தான் எங்களை. அப்பாவும் அதைக் கோயில் யானையைப்போல வைத்திருந்தார்.

நான் ஐந்தாவது முடித்திருந்த மே மாதம். வயலுக்கு எரு அடித்துவிட்டு மதியம் சாப்பிட உட்கார்ந்த அப்பா, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்தார். சட்டை முழுக்க வியர்வை. ஆம்புலன்ஸ் வந்து சேர நேரமாகும் என்றார்கள். எங்கள் வீட்டில் கார் ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் தரையில் கிடந்தார்.

கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்த அத்தை ஈரக்கையோடு ஓடிவந்தாள். அத்தை அப்பாவின் தங்கை. கோயம்புத்தூரில் வாழ்க்கைப்பட்டவள், இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு பையோடு வந்து இறங்கியவள் அதற்குப் பிறகு திரும்பிப் போகவில்லை. அதிகம் பேசமாட்டாள். நான்கு பேர் கூடினால் அடுப்படிக்குள் போய்விடுவாள்.

அப்பாவை ஒரு தடவை பார்த்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே, "அண்ணி, பின்னாடி ஏறி அண்ணன் தலைய மடியில வச்சுக்கங்க" என்றாள். நாங்கள் என்ன ஏதென்று விளங்கிக்கொள்வதற்குள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள்.

அப்பா முன்னும் பின்னுமாக நாலைந்து தடவை உருட்டித்தான் எங்கள் வீட்டுச் சந்திலிருந்து காரை வெளியே எடுப்பார். அத்தை ஒரே வீச்சில் பின்பக்கமாகவே எடுத்து ரோட்டில் திருப்பி நிறுத்தினாள். நான் முன்சீட்டில் இருந்தேன். அப்பாவுக்கு என்ன ஆகுமோ என்ற பயம் ஒரு பக்கம். மறுபக்கம், எனக்குத் தெரியாத யாரோ ஒருத்தி அத்தையின் புடவையைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டுவதுபோல இருந்தது. வாய்க்கால் பாலத்தில் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று எதிரே ஏறிவிட்டது. அது பின்வாங்கும் வரை காத்திருக்க நேரமில்லை. அத்தை இடதுபக்கக் கைப்பிடிச் சுவரோடு ஒட்டி விட்டாள். என் பக்கத்துக் கதவு சுவரில் உரசிக்கொண்டே வந்த சத்தத்தில் நான் காதைப் பொத்திக்கொண்டேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சிரமமாகியிருக்கும் என்றார்கள்.

அப்பா தேறி வீட்டுக்கு வந்தார். வந்ததும் அவருடைய கவலை கதவைப் பற்றியதாக இருந்தது. ஆற்றில் தண்ணீர் திறக்கிற சமயத்துக்குப் பெரியப்பா லீவில் வருவதாக இருந்தார். அவருக்கு அப்பாவின் நெஞ்சுவலியையே யாரும் சொல்லியிருக்கவில்லை. மாமா, அம்மாவின் தம்பி, காரைத் தஞ்சாவூரில் ஒரு பட்டறையில் கொண்டுபோய் விட்டார்.

கதவை அவர்கள் ஒரு குறையும் இல்லாமல் செய்திருந்தார்கள். ஆனால் பள்ளிக்கூடம் திறக்கப்போகிற நேரம். பக்கத்தில் ஒரு ஸ்கூல் வேனுக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். எங்கள் காரை ஒரு போர்வைகூடப் போட்டு மூடவில்லை. காற்று மீதி வேலையைச் செய்துவிட்டது. கூரை, பானெட், கண்ணாடி எல்லா இடத்திலும் ஊசிமுனை அளவுக்கு மஞ்சள் புள்ளிகள், ஆயிரக்கணக்கில். எனக்கு அது இரவு வானத்தைக் காரின்மேல் விரித்துப் போட்டதுபோல அழகாக இருந்தது. அதைச் சொன்னேன். யாரும் ரசிக்கவில்லை.

மாமா பட்டறைக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டார். தின்னர் போட்டுத் துடைத்தால் போய்விடும் என்றார்களாம். மாமா துணியை நனைத்துக்கொண்டு வரும்போது அத்தை குறுக்கே வந்து நின்றாள்.

"அதப் போட்டா மஞ்சளும் போகும், நீலமும் சேந்து போகும். வைங்க."

அவள் அவ்வளவு உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. மாமா துணியைக் கீழே வைத்தார். கார் சாமான் விற்கிற கடையில் களிமண் மாதிரி ஒரு கட்டி விற்கும், அதை வாங்கி வரும்படி அவரைத் தஞ்சாவூருக்குத் திருப்பி அனுப்பினாள்.

வெயில் படக்கூடாது என்று காரை மாட்டுக் கொட்டகைக்குள் ஏற்றி நிறுத்தினாள். மாடுகள் இரண்டும் புங்க மரத்தடியில் நின்று எங்களை வேடிக்கை பார்த்தன. முதலில் முழுக்கக் கழுவினாள். பிறகு என்னைக் கூப்பிட்டு, என் கையில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டி, பானெட்டின்மேல் தடவச் சொன்னாள். வெறுங்கைக்கு வழவழவென்று இருந்த இடம், பைக்குள்ளிருந்து தடவும்போது உப்புத்தாளாக உராய்ந்தது. கண்ணுக்கும் கைக்கும் தெரியாத ஒன்றை ஒரு மளிகைக்கடைப் பை சொல்லிக்கொடுத்ததில் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

சோப்புத் தண்ணீரைத் தெளித்து, களிமண் கட்டியைத் தட்டையாக்கி, அழுத்தாமல் நேர்கோட்டில் முன்னும் பின்னும் ஓட்டினாள். முதலில் சரசரவென்று ஒரு சத்தம் வந்தது. "காதக் குடுத்துக் கேளு. சத்தம் நின்னுடுச்சுன்னா போயிடுச்சு" என்றாள். சத்தம் தேய்ந்து தேய்ந்து நின்றது. துணியால் ஒற்றி எடுத்தாள். உள்ளங்கை அகலத்துக்கு அங்கே கருநீலம் திறந்துகொண்டது, கிணற்றில் எட்டிப் பார்த்ததுபோல ஆழமாக. அதில் என் முகம் இருந்தது. கட்டியில் மஞ்சள் அப்பிக்கொண்டு வந்தது. மடித்துப் பிசைந்து புதுப்பக்கத்தை எடுத்துக்கொண்டாள். ஒருமுறை கட்டியில் ஒரு துண்டு பிய்ந்து தரையில் விழுந்தபோது, மண் ஒட்டியிருக்கும், கோடு விழுந்துவிடும் என்று அதைத் தொடவே இல்லை.

இப்படியே, உள்ளங்கை உள்ளங்கையாக, கார் முழுக்க. சாப்பிடக் கூப்பிட்டாலும் வரவில்லை. அம்மா காப்பியைக் கொட்டகைக்கே கொண்டுவந்து கொடுத்தாள். கண்ணாடியில் இருந்த புள்ளிகளைப் புது பிளேடைச் சாய்த்துப் பிடித்து வழித்தெடுத்த அத்தையின் கையைப் பார்த்துக்கொண்டே, இதையெல்லாம் எங்கே கற்றுக்கொண்டாள் என்று மெதுவாகக் கேட்டாள்.

"அங்கதான்" என்றாள் அத்தை.

அம்மா காலி டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்கு அது ஏமாற்றமாக இருந்தது. இன்னும் நாலு கேள்வி கேட்டிருக்கலாம் அல்லவா?

பெரியப்பா வந்தார். பெட்டியைக் கூட உள்ளே வைக்காமல் கொட்டகைக்குத்தான் போனார். பானெட்டில் கையை வைத்தவர் எடுக்கவில்லை. கார் வாங்கிய அன்றுகூட இப்படி இருந்ததில்லை என்றார். அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. கட்டிலில் இருந்தபடியே நெஞ்சுவலி, பாலம், பட்டறை, மஞ்சள், அத்தை என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். பெரியப்பா கத்தப்போகிறார் என்று நான் அம்மாவின் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவர் கத்தவில்லை. நெடுநேரம் கழித்து அடுப்படி வாசலில் போய் நின்று, குடமுருட்டி ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதாம், பார்த்துவிட்டு வரலாம், நீ வண்டியை எடு என்று அத்தையிடம் சொன்னார். தன் காரை இன்னொருவர் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து வருகிற ஆளில்லை அவர். நான் அடம்பிடித்துப் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன்.

 ஆற்றங்கரையில் கார் நின்றது. வறண்ட மணலின்மேல் செம்மண் நிறத்தில் நுரைத்துக்கொண்டு, சருகையும் குச்சியையும் தள்ளிக்கொண்டு, புதுத்தண்ணீர் நடக்கிற வேகத்தில் வந்துகொண்டிருந்தது. பெரியப்பா அதைப் பார்த்தபடியே சொன்னார்:

"அன்னைக்கு நான் திரும்பக் கொண்டுபோய் அங்க விட்டிருக்கக் கூடாது."

அத்தை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தாள். எனக்குப் பாவமாக இருந்தது. பெரியப்பா ஊரிலேயே இல்லாதபோது அவர்மேல் என்ன தப்பு?

"நீங்க விடலியே பெரியப்பா, மாமாதான விட்டாரு. அந்தப் பட்டறைக்காரங்கதான் மோசம்" என்றேன்.

இருவரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அத்தை திடீரென்று சிரித்துவிட்டாள், கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தாள். "ஆமாண்ணே, மோசமான பட்டறைதான்" என்றாள். பெரியப்பா சிரிக்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அத்தையின் புருஷன் கோயம்புத்தூரில் பெயிண்டிங் பட்டறை வைத்திருந்ததும், ஆள் வைக்காமல் அவளைக்கொண்டே கார்களைத் தேய்க்கவும் நகர்த்தவும் வைத்ததும், கல்யாணமான மறுவருடமே அடி தாங்காமல் ஓடிவந்தவளைப் பெரியப்பாவே பஸ் ஏற்றிக் கூட்டிப்போய்த் திரும்ப விட்டுவிட்டு வந்ததும் நான் கல்லூரியில் படிக்கும்போது அம்மா சொல்லித்தான் தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், பெரியவர்கள் பேச்சில் ஒரு பிழையைத் திருத்திவிட்டேன், அத்தையைச் சிரிக்கவைத்துவிட்டேன் என்பதுதான். வீடு வரும்வரை ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு, அந்தப் பெருமையோடு காற்று வாங்கிக்கொண்டு வந்தேன்.