ஆயில் லைட்டின் மேல் ஒரு ஸ்டிக்கர்

ஒரு தீபாவளிக்கு அப்பாவுக்குப் போனஸாகக் கார் கிடைத்தது. இதோடு நிறுத்தினால் கேட்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். அதனால் மீதியையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். முதலாளி புது வண்டி எடுத்திருந்தார். பழைய பெட்ரோல் வண்டியை யாரும் மதித்துக் கேட்கவில்லை. அதை யார் தலையில் கட்டலாம் என்று யோசித்தவருக்கு, பதினைந்து வருஷமாக லீவு போடாமல் பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின் ஓட்டிய அப்பாவின் ஞாபகம் வந்தது. அந்த வருஷப் பணத்துக்குப் பதிலாகச் சாவியைக் கையில் கொடுத்தார். அப்பா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார். அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

அப்போது நாங்கள் திருப்பூர் ராயபுரத்தில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். சந்துக்குள் கார் நுழையாது. முனையில் இருந்த இஸ்திரிக் கடைக்காரரிடம் கெஞ்சி, அவர் கடை ஓரமாக அதை நிறுத்தினோம். அம்மா ஒரு பனியன் கம்பெனியில் தைத்ததில் குறை தேடும் செக்கிங் வேலை பார்த்தாள். இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு, கம்பெனியில் கழித்துப் போட்ட துணியைக் கொண்டுவந்து வண்டிக்கு உறை தைத்தாள். எவ்வளவு கோபம் இருந்தாலும் தையலைக் கோணலாகப் போட அவளுக்கு வராது.

எனக்குப் பத்து வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா வண்டியைத் துடைக்கும்போது நான் ஓட்டுகிறவர் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்வேன். சாவியைப் பாதி திருப்பினால் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் எல்லா விளக்குகளும் ஒன்றாக எரியும். அதைப் பார்ப்பதற்காகவே திருப்பித் திருப்பி வைப்பேன். எனக்கு ரொம்பப் பிடித்தது சிவப்பாக எரியும் ஒரு சின்ன எண்ணெய்க் குடுவை. அதன் மூக்கு நுனியில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருக்கும்.

வண்டி கிளம்பியதும் இந்த விளக்குகள் அணைந்துவிட வேண்டும். தை மாதத்தில் குடுவை மட்டும் அடம்பிடிக்க ஆரம்பித்தது. சிக்னலில் நின்றால் மினுக்கியது, வளைவில் திரும்பினால் மினுக்கியது, நேர்ச்சாலையில் காணாமல் போனது. பின்னால் லேசாக நீலப் புகை வேறு. முன் டிராயரில் முதலாளி பிரித்தே பார்க்காத புத்தகம் ஒன்று பிளாஸ்டிக் உறையோடு கிடந்தது. நான் படித்தது இங்கிலீஷ் மீடியம் என்பதால் அதை வாசித்துச் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. எழுத்துக்கூட்டி வாசித்தேன். மஞ்சள் விளக்கு எரிந்தால் சீக்கிரம் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். சிவப்பு எரிந்தால் அந்த இடத்திலேயே ஓரம் கட்டி நிறுத்த வேண்டும். குடுவை என்றால் எஞ்சினுக்குள் ஆயில் சரியாக ஓடவில்லை என்று அர்த்தம். அளவுக் குச்சியை இழுத்துப் பார்த்து, குறைந்திருந்தால் ஊற்றாமல் வண்டியை எடுக்கவே கூடாது. இன்னொரு பக்கத்தில், இந்த வண்டிக்குச் சாதாப் பெட்ரோலே போதும் என்றும் போட்டிருந்தது.

அப்பா சிரித்தார். அவர் விருதுநகர்ப் பக்கத்துக்காரர். திருப்பூர் வந்து இத்தனை வருஷமாகியும் பேச்சு மாறவில்லை.

"கம்பெனிக்காரன் அப்படித்தான் தாயி எழுதுவான். பஞ்சு அடைச்சாலும் லைட்டு எரியும், நூலு அறுந்தாலும் லைட்டு எரியும். எல்லாத்துக்கும் நின்னுக்கிட்டு இருந்தா எப்பக் கிலோ ஏறுறது?"

அவர் சொன்னது நிட்டிங் மெஷினைப் பற்றி. அதிலும் நூல் அறுந்தால் விளக்கு எரிந்து மெஷின் தானாக நின்றுவிடும். ஆனால் ஓயாமல் பறக்கும் பஞ்சு போய் அடைத்துக்கொண்டாலும் அதே விளக்கு எரியும். நின்றால் ஓட்டுகிற துணியின் எடை குறையும், எடைக்குத்தான் கூலி. அதனால் கைதேர்ந்த ஆட்கள் சென்சார் ஒயரைக் கழற்றிவிட்டு, விளக்கின் மேல் டேப்பை ஒட்டிவிட்டு, சத்தத்தை வைத்தே ஓட்டுவார்கள். அந்த வித்தையில் அப்பாவை மிஞ்ச அவர் ஷெட்டில் ஆள் கிடையாது. எட்டு மெஷின் ஒன்றாக ஓடும்போது எதில் ஓர் ஊசி ஒடிந்தது என்று திரும்பிப் பார்க்காமலே சொல்வார். விளக்கு சும்மா கத்தும், மெஷின்தான் பேசும் என்பது அவர் கொள்கை. காரும் ஒரு மெஷின்தானே என்று நினைத்தார். மெஷின் பேச ஆரம்பித்த பிறகும் நூலை முடிந்து மறுபடி ஓட்டலாம். எஞ்சின் பேச ஆரம்பித்தால் அதோடு முடிந்தது என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சொன்ன ஒரே ஆள் நான், என்னையும் அவர் நம்பவில்லை.

"கண்ணைக் கூசுது. ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடு" என்றார்.

எங்கள் வீட்டில் ஸ்டிக்கருக்கா பஞ்சம்? பனியன்களில் சைஸ் காட்ட ஒட்டும் சின்ன வட்ட ஸ்டிக்கர்கள் அம்மாவின் சேலையிலும் ஜடையிலும் ஒட்டிக்கொண்டு தினமும் வீட்டுக்கு வரும். நான் அவற்றைச் சேர்த்து வைத்திருந்தேன். எக்ஸ்எல் போட்ட ஒன்றை எடுத்து, குடுவை தெரியாதபடி கண்ணாடியின் மேல் அழுத்தி ஒட்டினேன். புத்தகம் என்ன சொன்னது என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் அப்பா என்னை வேலைக்குச் சேர்த்துக்கொண்ட பெருமை அதைவிடப் பெரிதாக இருந்தது.

மாசியில் ஒரு நாள் ராத்திரி, கடைசி பஸ்ஸும் போன பிறகு, அம்மாவின் போன் அடித்தது. பேசியவர் பெரிய மாமா, அம்மாவின் அண்ணன். அம்மா வீட்டை எதிர்த்து அப்பாவைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து பதினோரு வருஷமாக அந்த வீட்டிலிருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை.

"அய்யன் உன்னையப் பாக்கோணுங்கறாரு. நாளைக்குத் தாண்டாதுன்னு டாக்டர் சொல்லிப்போட்டாரு. வாறதுன்னா வா."

அவ்வளவுதான், வைத்துவிட்டார். அய்யன் என்றது என் அப்புச்சியை, அம்மாவின் அப்பாவை. நான் அவரைப் பார்த்ததே இல்லை. அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். பிறகு எழுந்து சூப்பர்வைசருக்குப் போன் செய்து லீவு சொன்னாள். அவர் உடனே சரி என்றார்.

அப்புச்சி ஊர் வெள்ளகோவிலுக்கு அந்தப் பக்கம். விடியற்காலை முதல் பஸ்ஸில் ஏறினால் ஏழு மணிக்கு முன்னால் போய்விடலாம். அம்மா அதைத்தான் சொன்னாள். அப்பா கேட்கவில்லை.

"பதினோரு வருசம் கழிச்சுப் போற. பஸ்ஸுல கசங்கிக்கிட்டா போயி நிப்ப? கார்ல போயி எறங்குவோம்."

"எப்படியோ போலாமுங்க, வெடியால நேரத்துல போயிரோணுமுங்க" என்றாள் அம்மா.

அந்த வீட்டுக்காரர்கள் ஒரு காலத்தில் அப்பாவை என்ன சொல்லித் துரத்தினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் பதினோரு வருஷமாக அதற்குப் பதில் சொல்ல அவர் காத்திருந்தார் என்பது மறுநாள் காலையில் தெரிந்தது. முதலில் வண்டியை வாட்டர் வாஷுக்குக் கொண்டுபோனார். கடை திறக்கவே எட்டு மணி. சீட்டுக்கு உறை மாற்றினார். பிறகு தாராபுரம் ரோட்டில் பங்க்குக்குப் போனோம். சாதாவா, பிரீமியமா என்று பங்க் பையன் கேட்டான்.

"இன்னைக்கு நல்லதே போடுப்பா. உள்ள இருக்கற அழுக்கெல்லாம் எரிஞ்சு போகட்டும்" என்றார் அப்பா. நல்ல சாப்பாடு போட்டால் உடம்பு தேறிவிடும் என்கிற மாதிரி நம்பினார். காரணம் எனக்குப் புரிந்தது. அன்று காலை வண்டி எடுத்ததிலிருந்தே ஸ்டிக்கருக்குப் பின்னால் வெளிச்சம் அணையவே இல்லை. எக்ஸ்எல் என்ற எழுத்தைச் சுற்றிச் சிவப்பாக ஊறிக்கொண்டிருந்தது. ஆயில் ஒரு டப்பா வாங்க அதே பங்க்கில் கண்ணாடி அலமாரி இருந்தது. நான் பின் சீட்டிலிருந்து அதையும் பார்த்தேன், இதையும் பார்த்தேன்.

நான் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம், அதுவும் புத்தகத்தில் உள்ள வாக்கியம். சொன்னால் அம்மா உடனே இறங்கி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்திருப்பாள். நான் இதுவரை பார்க்காத மாமா பிள்ளைகளுக்கு முன்னால் காரில் போய் இறங்க எனக்கு அவ்வளவு ஆசை. வாயை மூடிக்கொண்டேன்.

காங்கேயம் தாண்டும்வரை ஒன்றும் ஆகவில்லை. அம்மா முன் சீட்டில் கையைப் பிசைந்துகொண்டு, இன்னும் எவ்வளவு தூரமுங்க என்று கேட்டபடி வந்தாள், ஏதோ அந்த ரோடு தெரியாதவள் போல. அப்புறம் டக் டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அப்பாவின் கழுத்து விறைத்தது. உடனே கை நீட்டி ரேடியோவைப் போட்டார், சத்தத்தை முழுசாகக் கூட்டினார். சாகப் போகிறவரைப் பார்க்கப் போகும்போது பாட்டு எதற்கு என்று அம்மா திரும்பிப் பார்த்தாள். எனக்கோ பாட்டுக் கேட்டதும் சந்தோஷம். எட்டு மெஷினில் ஓர் ஊசி ஒடிவதைக் கேட்கிற காது அப்பாவுக்கு. தன் காதிலிருந்தே ஒளிய அவர் அந்தப் பாட்டைப் போட்டார் என்று இப்போது தெரிகிறது.

பாட்டையும் மீறி ஒரு பெரிய சத்தம் வந்தது. வண்டி உறுமி, இழுத்து, நின்றது. சாவியைத் திருப்பினால் ஒன்றும் அசையவில்லை. வேலி ஓரத்தில் வேலமரங்களும் வெயிலும் மட்டும்தான் இருந்தன.

அப்பாவும் அம்மாவும் இறங்கிவிட்டார்கள். நான் மட்டும் உள்ளே இருந்தேன். முன்னால் எக்கி, நகத்தால் சுரண்டி அந்த ஸ்டிக்கரை எடுத்தேன். அடியில் குடுவை, சொட்டோடு, பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. ஸ்டிக்கரைக் கைக்குள் வைத்து மூடிக்கொண்டேன்.

அந்த இடத்தில் பஸ் நிற்காது. அம்மா ரோட்டின் நடுவுக்கே போய்க் கை காட்டினாள். மூன்று பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. அப்பா பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு மெக்கானிக்காகப் போன் செய்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். கடைசியில் பனியன் வேஸ்ட் மூட்டை ஏற்றிய வண்டி ஒன்று நின்றது. காரை அப்படியே விட்டுவிட்டு மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்தோம். அம்மா என் கையைப் பிடித்தாள். மூடிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"ஏது கண்ணு இது?"

"எங்கயோ ஒட்டிக்கிச்சும்மா."

அவள் அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு திரும்பி, காரை விட்டு வந்த திசையைப் பார்த்தாள். ஸ்டிக்கரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அப்புச்சியின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். உயிர் போய் அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. சேலை முழுக்கப் பஞ்சும் நூலுமாக அம்மா வாசலில் நின்றாள். பெரிய மாமா எழுந்து வந்தார்.

"வெடிஞ்சதுலிருந்து வாசலையே பாத்துட்டுக் கெடந்தாரு. திருப்பூர் என்ன சீமையிலயா இருக்குது? ஏம் புள்ள இத்தன நேரம்?"

இப்போது அம்மா கார் என்பாள், விளக்கு என்பாள், எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

"கம்பெனில ஷிப்மெண்டுங்ணா. லீவு குடுக்கலீங்க" என்றாள் அம்மா.

பின்னால் நின்ற அப்பா வாயைத் திறந்தார். ஏதோ சொல்லப் போனார். அம்மா திரும்பவே இல்லை. அவர் மூடிக்கொண்டார். அவரை நான் பல விஷயங்களில் மன்னித்துவிட்டேன், இந்த ஒன்றில் முடியவில்லை.

"பெத்தவன் சாகக் கெடக்கறான், உனக்குப் பனியன் பெருசாப் போச்சா?" என்றார் மாமா. "எடுக்கற வரைக்கும் இருந்துட்டுப் போயிரு. இனி இந்த ஊட்டு வாசப்படிய மிதிக்காத."

அம்மா மிதிக்கவில்லை. மாமா மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வரவில்லை, மாமா செத்தபோது தகவல்கூட வரவில்லை. கார் நின்ற மறுநாள் ஒரு மெக்கானிக் அளவுக் குச்சியை இழுத்துப் பார்த்து, ஒரு சொட்டுக்கூட இல்லீங்க, ஒரு லிட்டர் ஊத்தியிருந்தா போதுமுங்க என்றார். கார் கொஞ்ச நாள் இஸ்திரிக் கடை ஓரத்தில் உறைக்குள் நின்றது, அப்புறம் பழைய இரும்புக்குப் போனது. அம்மா அதைப் பற்றி அப்பாவிடமோ என்னிடமோ ஒரு நாளும் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலாம் என்று இருவருமே ஏங்கினோம்.

முந்தின நாளே லீவு கிடைத்துவிட்டது எனக்குத் தெரியும். ஆகவே அம்மா பொய் சொல்கிறாள், அப்பாவின் மானத்தைக் காப்பாற்றுவதற்காகச் சொல்கிறாள் என்று அந்த வாசலிலேயே எனக்குப் புரிந்தது. அதற்கு மேல் புரியவில்லை. நாள் முழுக்க ஸ்டிக்கர் ஒட்டிய பனியன்களைப் புரட்டிப் பார்ப்பதுதான் அவள் பிழைப்பு. தூசியில் கறுத்த, நகக்கீறல் விழுந்த அந்த ஸ்டிக்கர் துணியிலிருந்து வந்ததல்ல, கார் விளக்கின் மேலிருந்து உரித்தது என்று பார்த்தவுடன் அவளுக்குத் தெரிந்திருக்கும். அத்தனை பேருக்கு முன்னால் பத்து வயதுப் பெண் ஒருத்தி தலைகுனிந்து நிற்கக் கூடாது என்று, தன் பிறந்த வீட்டையே அவள் கொடுத்துவிட்டாள்.

அன்று எனக்கு வந்ததெல்லாம் நிம்மதிதான். தப்பித்தோம், அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்தேன். அந்தத் தெம்பில், அப்புச்சியின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளின் முந்தானையை இழுத்து, பசிக்குதும்மா என்றேன்.