மணியகாரர் பதவிக்காக நான் போட்ட வழக்கு

எங்கள் பக்கத்தில் கைக்குழந்தையைக் கூட ‘வாங்க கண்ணு’ என்றுதான் கூப்பிடுவோம். அப்படிப்பட்ட ஊரில், கிராம அதிகாரியான மணியகாரரின் மகன் என் அப்பாவைப் பார்த்து, “டேய் தறிக்காரா, அப்படி வெயில்ல நில்லுடா” என்றான். அவனுக்கும் எனக்கும் ஒரே வயது, இருபது. அப்பா நெசவாளி. வீட்டுமனைக்கு மணியகாரரின் கையெழுத்து தேவைப்பட்டது. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, “சரீங்க சாமி” என்று நின்றார். இவனை ஒருநாள் வெயிலில் நிறுத்தாமல் விடுவதில்லை என்று அன்றே கறுவிக்கொண்டேன்.

பத்து வருடம் கழித்து மணியகாரர் செத்தார். அந்தக் காலச் சட்டப்படி பதவி அப்பனுக்குப் பின் மகனுக்கு. அவன் அதற்கென்று புது வேட்டியே எடுத்துவிட்டான். நான் அப்போது திருப்பூர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். டீக்கடைப் பேப்பரில் ஒரு செய்தி பார்த்தேன்: பக்கத்து மாநிலத்தில் இதே மாதிரியான சட்டத்தை டெல்லி சுப்ரீம் கோர்ட்டு செல்லாது என்று தள்ளிவிட்டதாம். டீயை அப்படியே வைத்துவிட்டுக் கோயமுத்தூர் வக்கீலிடம் ஓடினேன்.

“சட்டசபை போட்ட சட்டத்தைக் கோர்ட்டு எப்படீங்க தள்ளும்?”

“சட்டசபைக்கும் மேல அரசியல் சட்டம் இருக்குதுங்க. பொறப்பைப் பாத்து சர்க்கார் வேலை குடுக்கக் கூடாதுன்னு அதுல எழுதியிருக்கு. அதுக்கு ஒத்துவராத சட்டத்தை ஜட்ஜு தள்ளலாம். ஆனா வேலையைத் தூக்கி உங்க கையில குடுக்க மாட்டாரு.”

“எனக்கு வேண்டாமுங்க. அவனுக்குக் கிடைக்காம இருந்தாப் போதுமுங்க.”

சென்னை ஐகோர்ட்டில் இரண்டு வருடம் இழுத்தது. வாரிசு உரிமை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. யார் வேண்டுமானாலும் மனுப் போடலாம் என்றார்கள். வேண்டாம் என்றிருந்த நானும் போட்டேன். தாலுகா ஆபீஸ் வரிசையில் அவன் எனக்குப் பின்னால் நின்றான். வேலை எனக்குக் கிடைத்தது. பிறகு ஒரு சான்றிதழுக்காக என் வீட்டு வாசலுக்கு வந்தவனை உச்சி வெயிலில் நிறுத்தினேன். அவன் வாயிலிருந்து “கையெழுத்துப் போடுங்க” என்று மரியாதையாக வரும்வரை பேனாவைத் திறக்கவில்லை. பொய் சொல்வானேன், அன்றைக்குத்தான் எனக்குச் சோறு ருசித்தது.

பன்னிரண்டு வருடத்தில் கண் மங்கிவிட்டது. மகன் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்திருந்தான். என் இடத்தில் அவனைப் போடச் சொல்லி மனு எழுதி, அவனையும் கூட்டிக்கொண்டு தாசில்தாரிடம் போனேன். அதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை. அவர் மனுவைப் படித்துவிட்டு, பீரோவிலிருந்து பழைய தீர்ப்பின் நகலை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“இதுல மனுதாரர் நீங்கதானுங்களே?”

“ஆமாங்க.”

“அப்புறம் நான் என்னங்க பண்றது? பையன் எல்லாரையும் போல வரிசையில வரட்டும்.”

வெளியே வந்ததும் மகன் கேட்டான்: “ஏனுங்கப்பா, அந்தக் கேஸைப் போட்டதுக்கு இப்ப வருத்தப்படறீங்களா?”

“இன்னைக்கும் போடுவேன் கண்ணு. எதிர்ல நீயே நின்னாலும் போடுவேன்.”

சொன்ன பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் வரிசைக்கு வரவில்லை. பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டான். என்னோடு மறுபடி பேச அவனுக்கு ஆறு மாதம் ஆயிற்று.