அடக்கிப் பழகிய உடம்பு

எங்கள் லைனில் யாராவது தண்ணீர் குடித்தால் மற்றவர்கள் சிரிப்பார்கள். “ஏளா, இன்னைக்கு யாரு கால்ல விழப் போற?” என்று கேட்பார்கள். ஸ்ரீபெரும்புதூருக்கு செல்போன் தொழிற்சாலைகள் வந்த புதிது. தெற்கிலிருந்து பஸ் ஏறி வந்த எங்களைப் போன்ற பெண்களுக்குப் பாகம் பொருத்தும் வேலை. பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். இடது மணிக்கட்டில் ஒரு பட்டை, அதிலிருந்து ஒரு ஒயர், ஒயரின் மறுமுனை மேஜையில். உடம்பிலுள்ள மின்சாரம் பாகங்களைக் கெடுத்துவிடக் கூடாதாம். சரிதான். தொழுவத்தில் மாட்டைக் கட்டுகிறவர்களிடமும் ஏதாவது காரணம் இருக்கத்தான் செய்யும்.

கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் கையைத் தூக்க வேண்டும். ரிலீவர், அதாவது நம் இடத்தில் நிற்க ஒரு மாற்றாள், வந்த பிறகுதான் பட்டையைக் கழற்றலாம். லைன் முழுவதற்கும் ஒரே ரிலீவர். அதனால் வேலைக்கு வந்த இரண்டாவது வாரத்திலேயே எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்துவிடுவோம். குடித்தால்தானே போக வேண்டும்?

ரிலீவரை அனுப்புவது லைன் லீடர் அக்காவின் வேலை. காஞ்சிபுரம் பக்கத்துக்காரர். எங்களைப் போலவே பெல்ட்டில் நின்று மேலே வந்தவர். நாங்கள் கை தூக்கினால் முதலில் தலைக்கு மேல் தொங்கும் டார்கெட் போர்டைப் பார்ப்பார், அப்புறம்தான் எங்களை. “அஞ்சு நிமிஷம் அடக்கிக்கோம்மா, லைன் போய்க்கினு கீது பாரு” என்பார். அந்த ஐந்து நிமிஷம் அரை மணி நேரமாகும். தொடையை இறுக்கி, அடிவயிற்றை எக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு நிற்போம். அந்த அக்காவை நான் மனதுக்குள் திட்டிய திட்டுக்கு அவர் என்றைக்கோ ஊரைவிட்டு ஓடியிருக்க வேண்டும்.

ஒரு கோடைகாலப் பகலில் நான் லைனிலேயே மயங்கி விழுந்தேன். கம்பெனி க்ளினிக்கில் என் பெயரை நோட்டில் எழுதினார்கள். இன்னொரு தடவை விழுந்தால் வேலைக்குத் தகுதியில்லை என்று எழுதி ஊருக்கு அனுப்பிவிடுவோம் என்றார்கள். ஊரில் எனக்கு மாப்பிள்ளை தயாராக இருந்தான். வேலை நிரந்தரமாகும்வரை கல்யாணப் பேச்சை எடுப்பதில்லை என்று அப்பாவிடம் சண்டை போட்டு வாக்கு வாங்கியிருந்தேன். வேலை போனால் அந்த வாக்கும் போய்விடும். நிற்கவும் முடியவில்லை, விழவும் வழியில்லை.

அந்தச் சமயத்தில்தான் டார்கெட்டை முடித்ததற்குப் பரிசாக எங்கள் லைனைக் கேளிக்கைப் பூங்காவுக்குக் கூட்டிப் போனார்கள். மதியம் பிரியாணி என்று சொல்லியிருந்ததால் விடுதியில் ஒருத்தியும் காலையில் சாப்பிடவில்லை. பஸ் பயணம் என்பதால் தண்ணீரும் இல்லை. பழக்கம்.

ரோலர் கோஸ்டரின் வாசலில் ஒரு பலகை. இருதய நோய், மயக்கம் உள்ளவர்கள் ஏறக் கூடாது என்று எழுதியிருந்தது. மொத்த லைனும் ஏறுகிறது. நான் மட்டும் அந்தப் பலகைக்குக் கீழே நின்றால், எனக்கு மயக்க நோய் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டுமா? வரிசையில் நின்றேன். “நீ என்கூட உக்காரு” என்று லீடர் அக்கா என் கையைப் பிடித்தார். கண்காணிக்கத்தான் என்று புரிந்தது. எரிச்சலாக வந்தது. மடிமேல் இரும்புக் கம்பி இறங்கி, டக்கென்று பூட்டிக்கொண்டது. அசைத்துப் பார்த்தேன், அசையவில்லை.

உச்சியிலிருந்து விழும்போது உடம்புக்கு எடையே இல்லை. குடல் தொண்டைக்கு ஏறியது, தொடை கம்பியில் முட்டியது. அதுகூடப் பரவாயில்லை. பள்ளத்தின் அடியில் வண்டி மேல்நோக்கித் திரும்பியபோது தலைமேல் யாரோ நெல்மூட்டையை இறக்கியது போலிருந்தது. கன்னம் கீழே இழுத்தது. தூக்க நினைத்த கை எழவே இல்லை. முன்னால் இருந்தவளின் சிவப்புத் துப்பட்டா சாம்பல் நிறமானது. ஓரங்களிலிருந்து இருட்டிக்கொண்டே வந்து எல்லாம் கறுத்தது. கண் திறந்துதான் இருந்தது; பார்வை இல்லை. காது மட்டும் எல்லோரும் அலறுவதைக் கேட்டது.

கம்பெனிக்கு வாரம் ஒருமுறை வரும் டாக்டரிடம், வேறு யாருக்கோ நடந்தது போலப் பிற்பாடு கேட்டேன். அந்தப் பள்ளத்தில் உடம்பு பல மடங்கு கனத்துப்போகுமாம், உள்ளே ஓடும் ரத்தமும்தான். அது காலுக்கு இறங்கிவிடும், அதைத் தலைக்கு ஏற்ற இருதயத்தால் முடியாது. முதலில் போவது கண். அப்புறம் நினைவு. வெறும் வயிறு, தண்ணீர் இல்லாத உடம்பு என்றால் சீக்கிரமே போகும். போர் விமானம் ஓட்டுகிறவர்களுக்குத் தொடையையும் வயிற்றையும் இறுக்கிப் பிடிக்கப் பயிற்சி கொடுப்பார்களாம், ரத்தம் இறங்காமலிருக்க.

வண்டியில் எனக்கு இதெல்லாம் தெரியாது. மேட்டில் ஏறும்போது பார்வை திரும்பியது. எதிரே இன்னொரு பள்ளம் வருவது தெரிந்தது. நிறுத்தச் சொல்ல ஆளில்லை, கை தூக்கினாலும் ரிலீவர் வரப்போவதில்லை. பயத்தில் உடம்பு தனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தது. தொடையை இறுக்கினேன், அடிவயிற்றை எக்கினேன், பல்லைக் கடித்தேன். மூட்டை மறுபடி இறங்கியது. துப்பட்டா மங்கியது, ஆனால் சிவப்பு முழுக்கப் போகவில்லை. அதற்கடுத்த பள்ளத்திலும் போகவில்லை.

வண்டி நின்றது. விழவில்லை, பிழைத்தேன் என்று திரும்பினால், பக்கத்தில் லீடர் அக்காவின் தலை மார்பில் தொங்கிக்கொண்டிருந்தது. தோளை உலுக்கினேன். கண்ணைத் திறந்து, எங்கே இருக்கிறோம் என்று தெரியாதவர் போலச் சுற்றிப் பார்த்தார். முன்னால் இருந்தவர்கள் சிரித்துக்கொண்டே இறங்கிப் போய்விட்டார்கள்.

“பாத்தியா?” என்றார் மெதுவாக.

“பாத்தேங்க்கா.”

“யாராண்டயும் சொல்லிடாதடி. போன மாசம் ஸ்டோர்ல ஒரு வாட்டி இப்படி ஆச்சு. தெரிஞ்சா என்னை வூட்டுக்கு அனுப்பிடுவாங்கோ.”

“நீங்களும் தண்ணி குடிக்க மாட்டீங்களாக்கா?”

“எனக்கு எவ ரிலீவர் வருவா?” என்றார். கம்பியைத் தள்ளிவிட்டு எழுந்தபடி, “நீ வுழுந்தா புடிச்சுக்கலாம்னுதான் உன்கூட உக்காந்தேன்” என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை நாள் திட்டியதையெல்லாம் எங்கே கொண்டுபோய்ப் போடுவது? இரண்டு பேரும் குழாயடியில் நின்று வயிறு முட்டத் தண்ணீர் குடித்தோம். அன்றைக்கு யாரையும் கேட்காமல் மூன்று தடவை கழிப்பறைக்குப் போனேன். அந்தச் சுற்றுலாவில் எனக்குப் பிடித்தது அதுதான்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. அதன்பின் லைனில் விழவும் இல்லை. வேலை நிரந்தரமானது, ஊரில் காத்திருந்த மாப்பிள்ளை வேறு பெண்ணைப் பார்த்துக்கொண்டான். அக்கா ஒரகடத்தில் உள்ள வேறு கம்பெனிக்குப் போனதும் அவர் இடத்தில் என்னை நிறுத்தினார்கள்.

லீடரான முதல் வாரம். தென்காசிப் பக்கத்திலிருந்து புதிதாக வந்த பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள். நான் நிமிர்ந்து போர்டைப் பார்த்தேன். டார்கெட்டுக்கு நிறையப் பாக்கி இருந்தது.

“அஞ்சு நிமிஷம் அடக்கிக்கோம்மா, லைன் போய்க்கினு கீது பாரு.”

சொன்னது என் வாய்தான். என் ஊர்ப் பேச்சுகூட இல்லை அது. அந்தப் பெண் கையை இறக்கி, முழங்கால் இரண்டையும் ஒட்டிவைத்துக்கொண்டு அடுத்த பாகத்தை எடுத்தாள். ரிலீவரைத் தேடித் திரும்பினேன். லைனின் மறுகோடியில் யாருக்கோ பதிலாக நின்றுகொண்டிருந்தாள். என் தொடையும் தானாக இறுகியிருந்தது. காலையிலிருந்து நானும் தண்ணீர் குடித்திருக்கவில்லை.