பிரேக்குக்குப் போட்ட சப்பாத்து

அம்மா எங்கள் காரின் பிரேக்கை மிதித்தால் முதலில் ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். வெறும் தகரப் பேணியின் மேல் செருப்புக் காலை வைத்தால் வருமே, அந்தச் சத்தம். அதற்குப் பிறகுதான் கார், நிற்பதா வேண்டாமா என்று யோசித்து, முனகிக்கொண்டு மெல்ல நிற்கும். கிளச்சிலிருந்தும் அதே சத்தம் வரும், கொஞ்சம் சன்னமாக. முன் சீட்டில் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து இந்த இரண்டு சத்தங்களையும் கேட்டே நான் வளர்ந்தேன்.

கார் அப்பாவுடையது. எங்கள் பக்கத்தில் ‘ஏ-ஃபோர்ட்டி’ என்று சொல்லும் பழைய இங்கிலீசுக் கார். அதில்தான் அவர் வாடகைக்கு ஆட்களை ஏற்றி ‘ஹயர்’ ஓடினார். சண்டை மூண்டு பாதை பூட்டப்படுவதற்குச் சில நாட்களுக்கு முன்னர், எஞ்சின் வேலைக்கென்று வங்காலையில் தன் கூட்டாளி சூசை மாமா வீட்டில் அதை விட்டிருந்தார். பிறகு எடுக்கப் போக முடியவில்லை. நாங்கள் மூன்று பேரும் ஊர் ஊராக இடம்பெயர்ந்து கடைசியில் ஒரு கடற்கரை வரை போனோம். அங்கே ஒரு மத்தியானம், காயப்பட்ட கிழவர் ஒருவரைத் தோளில் தூக்கிக்கொண்டு, “இவரை விட்டிட்டு வாறன்” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போன அப்பா திரும்பி வரவில்லை. முகாமில் இருந்து, பதிந்து, வரிசையில் நின்று, கடைசியில் உயிலங்குளத்துக்கு அங்காலே இருந்த எங்கள் வளவுக்கு நாங்கள் இரண்டு பேராக வந்து சேர்ந்தபோது, வீட்டில் சுவர் மட்டும்தான் மிச்சம். கார் மட்டும் வங்காலையில், கிடுகுக் கொட்டிலுக்குள், ஒரு கீறலும் விழாமல் நின்றது. பின் சீட்டில் சூசை மாமாவின் கோழிகள் முட்டையிட்டு வைத்திருந்தன. எங்களோடு வராததால் தப்பிப் பிழைத்த ஒரே உறவு அதுதான் என்று அம்மா பிற்காலத்தில் சொல்லுவார்.

சூசை மாமா, “வித்துப்போட்டு உந்த வீட்டுக்குக் கூரையைப் போடு தங்கச்சி” என்றார். அம்மா, காரைத் தானே ஓடப் போவதாகச் சொன்னார். அப்போது பஸ் நினைத்தபோதுதான் வரும். மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் போகிற கர்ப்பிணிகளும் வயதானவர்களும் உழவு மெஷின் பெட்டியில் குலுங்கிக்கொண்டு போனார்கள். அவர்களை ஏற்றி இறக்கினால் எங்கள் சீவியமும் ஓடும் என்பது அம்மாவின் கணக்கு. சூசை மாமா தலையில் அடித்துக்கொண்டார். பிறகு அவரே வங்காலை வெளியில் வைத்து அம்மாவுக்கு ஓடப் பழக்கியும் விட்டார்.

ஒரு சிக்கல்தான் தீரவில்லை. அப்பா நல்ல உயரம். அம்மாவோ, மேல் தட்டில் இருக்கும் போத்தலை எடுப்பதற்கே கதிரை போடுகிற ஆள். சீட்டை முன்னுக்கு இழுக்கலாம் என்றால் கொட்டிலுக்குள் நின்ற வருடங்களில் அதன் தண்டவாளம் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்தும் பெருவிரல்தான் பெடலைத் தொட்டது. இதைப் பார்த்த ஊர்ப் பொடியங்கள் எங்கள் காருக்குத் ‘தலையணைக் கார்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அப்படித்தான் ஒருநாள் சூசை மாமா எங்களை உப்புக்குளத்தில் இரும்பு ஒட்டுகிற ஒட்டுக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அதன் சொந்தக்காரரை எல்லோரும் ‘நானா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் பல வருடம் புத்தளத்தில் அகதியாக இருந்துவிட்டு, இடிந்து கிடந்த வாப்பாவின் வீட்டு முற்றத்தில் நாலு கப்பு நட்டு, மேலே தகரம் போட்டு, அதற்குக் கீழே வெல்டிங் வேலை தொடங்கியிருந்தார். அம்மா ஓடிக் காட்டியதைக் குனிந்து பார்த்துவிட்டு, “மனிசருக்கு மட்டுமோ சப்பாத்து? பெடலுக்கும் ஒரு சோடி செய்வம்” என்றார். அளவெடுக்க வேண்டும், காலை இதில் வையுங்கள் என்று மட்டையொன்றை நீட்டினார். வெளி ஆம்பிளைக்கு முன்னால் காலை நீட்ட அம்மாவுக்குக் கூச்சம். செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு வெயில் மணலில் நின்றார். நானா அந்தச் செருப்பைச் சுற்றிச் சோக்கட்டியால் கீறி எடுத்தார்.

பழைய பஸ் ஒன்றின் மிதிபலகையிலிருந்து வெட்டிய, புள்ளி புள்ளியாகப் புடைத்த தகடு அது, கால் வழுக்காது. அதை மடித்து, இரண்டு விரல் உயரத்தில் இரண்டு பெட்டிகள் செய்தார். பெடலோடு சேர்த்து வெல்டிங் வைத்து ஒட்டிவிடுவதுதான் பிழையில்லாத வேலை என்று நானா சொன்னார். ஆனால் அம்மா மறுத்துவிட்டார்.

“ஒட்ட வேண்டாம் நானா. போல்ட் போட்டு விடுங்கோ.”

“போல்ட் இந்த ரோட்டுக்கு நிக்காது தங்கச்சி. குலுக்கக் குலுக்கத் தளரும்.”

“தளந்தா நான் இறுக்குவன். கழட்டக்கூடின மாதிரிச் செய்யுங்கோ.”

நானா என் தலையைத் தடவி, “சரி மகள், வாப்பா வந்தா ஒரு நிமிசத்திலை கழட்டிப்போடலாம்” என்றார். என் நினைவில் இருப்பது இவ்வளவுதான். இந்த இடத்தை நான் நூறு தடவையாவது மனதில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அதில் வெறுங்காலோடு நிற்கிற அம்மா தெரிவார், நானா தெரிவார், என்னைக் காணக் கிடைக்காது.

அதன் பிறகு அம்மாவின் கார் ஓடியது. ஒரு பிள்ளை பாலத்தைத் தாண்டுவதற்கிடையில் பின் சீட்டிலேயே பிறக்கப் பார்த்தது. அன்றைக்கு அம்மா ஓடிய ஓட்டத்தை அந்தத் தாய் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா கார்க் கதவைத் திறந்து வைத்து, தலைகீழாக உள்ளே குனிந்து, ஸ்பானரால் அந்த நாலு போல்ட்டுகளையும் இறுக்குவார். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்காது. எட்டு வயதிலேயே எனக்கு விளங்கியிருந்தது, அல்லது விளங்கியதாக நினைத்திருந்தேன்: இந்த மனிசி அப்பா வருவார் என்று பார்த்துக்கொண்டு இருக்கிறார். அப்பா வந்து ஏறி உட்கார்ந்தால் அவருடைய பெடல் அவருக்கு அப்படியே இருக்க வேண்டும் என்பதற்காக வாரா வாரம் இறுக்குகிறார். அம்மாவை நினைத்து எனக்குப் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. அப்பாவின் முகம் எனக்குப் படத்தில் பார்த்த முகமாக மாறத் தொடங்கியிருந்த காலம் அது.

ஒரு பள்ளி விடுமுறை நாள், ஆட்களை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு நாங்கள் இருவரும் திரும்பிக்கொண்டிருந்தோம். பாலத்துக்கு ஏறுகிற இடத்தில் ஒரு கழுதை குட்டியோடு குறுக்கே வந்தது. மன்னாரில் கழுதை குறுக்கே வருவது புதினமில்லை. அம்மா பிரேக்கை மிதித்தார். ‘டொக்’ சத்தம் கேட்கவில்லை. தளர்ந்திருந்த பெட்டி ஒரு பக்கமாகச் சுழன்று, அம்மாவின் கால் வழுக்கிக் கீழே போனது. ஹாண்ட் பிரேக்கை இழுத்து, ஸ்டியரிங்கை ஒடிப்பதற்குள் கார் கரைக் கல்லில் மோதிவிட்டது. கழுதைக்கு ஒன்றுமில்லை, அது நின்று எங்களைப் பார்த்தது. எனக்கு இடது புருவத்துக்கு மேலே கிழிந்து, கண்ணுக்குள் இரத்தம் வழிந்தது.

ஆஸ்பத்திரியில் மூன்று தையல் போட்டார்கள். வெளியே மர வாங்கில் உட்கார்ந்து அம்மா என்னை மடியில் சாய்த்து வைத்திருந்தார். நான் நிமிராமலே சொன்னேன்.

“அப்பா வரமாட்டார் அம்மா. ஒட்டச் சொல்லுங்கோ.”

அம்மா என் தலையிலிருந்த கையை எடுக்கவில்லை.

அடுத்த நாளே உப்புக்குளத்துக்குப் போனோம். நானா என் நெற்றியைப் பார்த்துவிட்டு “யா அல்லாஹ்” என்றார். பிறகு, “யோசிச்சுத்தானே சொல்லுறியள், தங்கச்சி? ஒட்டினாப் பிறகு இது இதுதான்” என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்துவிட்டு, “ஓம் நானா” என்றார். போல்ட் போட்டிருந்தவரை பெட்டிகளுக்குக் கீழே பழைய ரப்பர் அப்படியே இருந்தது. ஒட்டுவதென்றால் அதை எடுக்க வேண்டும். நானா கத்தியால் நெம்பினார். கிளச் ரப்பரின் இடது ஓரம் கடதாசி மாதிரித் தேய்ந்திருந்தது. அப்பா எந்நேரமும் அதன்மேல் காலை வைத்துக்கொண்டே ஓடுவாராம். எடுக்க எடுக்க அது பொடியாக உதிர்ந்தது. நானா வாயால் ஊதிவிட்டு, நெருப்புப் பறக்கும், பிள்ளையைக் கொண்டு அங்காலே நில்லுங்கள் என்றார். அம்மா தெருப் பக்கம் திரும்பி நின்றார். அழுதாரா என்று எனக்குத் தெரியாது. எனக்கு அவருடைய முதுகு மட்டும்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு பிரேக் ஒருநாளும் பிழைவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவுக்குக் காரில் வேலை இருக்கவில்லை. ஆனால் நான் நிம்மதியாக இருந்தேன் என்று சொன்னால் அது பொய். ஊரில் மற்ற வீடுகளில் படத்துக்கு மாலை போடாமல், திவசம் செய்யாமல், காணாமல்போன ஆள் வருவார் என்று பார்த்திருந்தார்கள். எங்கள் வீட்டில் பார்த்திருந்த ஒரே ஆளையும், வலியில் சொன்ன ஒரு சொல்லால் நான் நிறுத்திவிட்டேன். அம்மாவிடமிருந்து அப்பாவைப் பறித்தது யுத்தம் பாதி, நான் பாதி. கண்ணாடியில் புருவத்துத் தழும்பைக் காணும்போதெல்லாம் இதைத்தான் நினைப்பேன். விடுதியில் இருந்து படித்த காலத்தில், அம்மாவின் காத்திருப்பைப் பற்றிச் சிநேகிதிகளுக்குச் சொல்லி அழுதும் இருக்கிறேன்.

இப்போது அந்தக் கார் இல்லை. அடித்தகடு உக்கி, தெரு தெரிகிற அளவுக்கு ஓட்டை விழுந்த பிறகு, துண்டு துண்டாகப் பழைய இரும்புக்குப் போய்விட்டது. நானா மவுத்தாகி நாலு வருடம். அவருடைய தகரக் கொட்டில் நின்ற இடத்தில் போன் விற்கிறார்கள். சூசை மாமா மகளோடு வெளிநாட்டில். கிளினிக்குப் போகிற பெண்கள் ஓட்டோவில் போகிறார்கள்.

எனக்கு வவுனியாவில் வேலை கிடைத்து, கார் ஓடப் பழகத் தொடங்கியிருக்கிறேன். போன மாதம் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஓட்டோ கியர் காரில் கிளச்சே இல்லை என்று அம்மாவிடம் சொன்னேன். “அப்ப இடது காலுக்கு என்ன வேலை?” என்று கேட்டார். பேச்சு பழைய காருக்குப் போனது. பதினைந்து வருடமாக மனதில் வைத்திருந்ததை அன்றைக்குச் சொல்லிவிட்டேன். அண்டைக்கு ஆஸ்பத்திரியில் நான் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது, நீங்கள் போல்ட்டோடேயே அப்பாவைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பீர்கள் என்றேன்.

அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“என்ன கதைக்கிறாய் நீ? போல்ட் கேட்டது நானோ? நான் முதல் நாளே ஒட்டத்தான் சொன்னனான். நானா பெட்டியை ஒட்ட எடுக்க, நீ கார்க் கதவைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு குளறினனீ. அப்பாவின்ரை கால் பெரிசு, இதுக்கை வைக்கேலாது, அவர் வந்து என்னண்டு ஓடுவார் எண்டு. மணலிலை விழுந்து உருண்டனீ. உன்னைச் சமாளிக்கேலாமல்தான் போல்ட் போடச் சொன்னனான்.”

“அப்ப நீங்கள் பாத்துக்கொண்டு இருக்கேல்லையோ?”

“எனக்கு அந்தக் கடற்கரையிலேயே தெரியும் பிள்ளை. நீ எப்ப விடுவாய் எண்டுதான் நான் பாத்துக்கொண்டு இருந்தனான்.”

அம்மா மீனைக் கழுவ எழுந்து போனார். நான் அந்த இடத்திலேயே இருந்தேன். உப்புக்குளத்து மணலை நினைத்துப் பார்த்தேன், கார்க் கதவை நினைத்துப் பார்த்தேன். தன் அப்பாவின் காலுக்காக அப்படிக் குளறிய அந்தப் பிள்ளையை எனக்குக் கொஞ்சம்கூட ஞாபகமில்லை. அப்பா வருவார் என்று ஒருகாலத்தில் நான் நம்பியிருக்கிறேன். அந்த நம்பிக்கையும் அவரைப் போலவே எப்போது போனதென்று தெரியாமல் போயிருக்கிறது. கிணற்றடிக்குப் போய், அன்றைக்கு நான் எப்படி அழுதேன் என்று அம்மாவை இன்னொருமுறை சொல்லச் சொன்னேன்.