டிக்சனின் ஈரக் கன்னம்

சங்கு குளித்த காலத்தில், மூச்சுக் காற்று வரும் குழாயில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க டிக்சன் கன்னத்தைத்தான் நம்பினான். கடல்நீரால் நனைத்துக்கொண்டு குழாயோரமாக மெல்ல நகர்த்துவான். கசிகிற இடத்தில் சில்லென்று காற்றுப் படும். கன்னம் ஒருநாளும் அவனைக் கைவிட்டதில்லை.

கைவிட்டது கடல்தான். கூடக் குளித்த மச்சான் பெவின் பிணமாகக் கரையேறினான். அண்ணனை அடக்கம் செய்த கையோடு டிக்சனின் மனைவி எமில்டா அவனிடம் சத்தியம் வாங்கினாள். டிக்சன் கடலை விட்டான். துறைமுகத்துக்குப் பக்கத்தில், ஹைட்ரஜனைப் பெரிய உருளைகளில் அழுத்தி அடைத்துவைக்கும் புதுக் கம்பெனியில் வேலை கிடைத்தது. நாளைக்குக் கப்பலும் லாரியும் புகையில்லாமல் ஓட இதுதான் எரிபொருளாம். எமில்டாவுக்கு அதெல்லாம் எதற்கு? புருஷனுக்குக் கரையில் வேலை, அது போதும். நிம்மதியாகத் தூங்க ஆரம்பித்தாள்.

அன்று மண்டையைப் பிளக்கிற வெயில். குழாய் இணைப்பு ஒன்றில் 'உஸ்' என்று சத்தம் கேட்டது. சத்தம் கேட்டால் கிட்டப் போகாதே, விலகி வந்து வயர்லெஸ்ஸில் சொல் என்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். பாழாய்ப்போன பழக்கம் விட்டால்தானே! வேர்வையில் நனைந்த கன்னத்தைச் சாய்த்துக்கொண்டு குனிந்தான்.

கழுத்தில் கிடந்த துண்டின் நுனி முன்னால் சரிந்தது. அங்கே ஒன்றுமே இல்லை. ஆனால் துண்டு குப்பென்று பற்றிக்கொண்டது.

"அண்ணே, பின்னால வாங்க! அங்கன தீ எரியுது!" கண்ட்ரோல் அறை வாசலில் நின்று ஆபரேட்டர் சரண்யாதேவி அலறினாள்.

துண்டை உருவி எறிந்துவிட்டு மல்லாக்க விழுந்தான். "எங்கன தீ? ஒண்ணுமே தெரியலையே!"

"வெயில்ல ஹைட்ரஜன் தீ கண்ணுக்குத் தெரியாதுண்ணே!"

அவள் வால்வை அடைத்ததும் சத்தம் நின்றது. டிக்சன் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான். இன்னும் ஒரு சாண் குனிந்திருந்தால் முகமே இருந்திருக்காது.

வீட்டில் எமில்டா கேட்டாள்: "துண்டு எங்க?"

மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னான்.

"கடல்ல அலையாவது கண்ணுக்குத் தெரியுமே. நாளைக்கும் போவீயளா?"

"போவணும்லா. கன்னத்த ஒங்கிட்ட குடுத்துட்டுப் போறேன், போதுமா?"

அவள் சிரிக்கவில்லை. இரண்டு கைகளாலும் அவன் முகத்தைப் பிடித்துக்கொண்டு, விடமாட்டேன் என்று அழுதாள்.