அக்காவின் இரட்டை வாள்

அல் குசைஸ் வீட்டில் என் மகள் கணினியில் விளையாடிக்கொண்டிருந்தாள். அவளுடைய வீரன் இரு கையிலும் வாள் சுழற்றும் சத்தம் கேட்டதும், மீன் வறுத்த வாசனை போகாத மனாமாவின் குதைபியாவில் நாங்கள் குடியிருந்த பழைய அறை நினைவுக்கு வந்தது.

அப்போது எனக்குப் பத்து வயது. இதுபோன்ற விளையாட்டில் எனக்கு வாளும் கேடயமும். ஜெனி அக்காவுக்கு இரட்டை வாள். தினமும் அவளே ஜெயித்தாள். விளையாட்டுக்குள் எதையோ மாற்றிவிட்டாள் என்று சந்தேகப்பட்டு, சந்தையில் மீன் வெட்டும் அப்பாவிடம் சொன்னேன்.

அப்பா அவளிடம் இரண்டு அகப்பைகளையும் என்னிடம் ஓர் அகப்பையும் பானை மூடியும் கொடுத்தார். அவள் வீசியதெல்லாம் மூடியில்தான் பட்டது.

“வலது கை வீசும்போ இடது கை ஒறங்குது பாத்தியா மக்களே? ரெண்டு கத்தியெல்லாம் சும்மா,” என்றார்.

அப்படியானால் அவள் ஏமாற்றித்தான் ஜெயித்திருக்கிறாள் என்று முடிவுகட்டி, “கள்ளி,” என்றேன் அக்காவை. அதன்பின் அவள் என்னோடு விளையாடவேயில்லை.

சந்தேகம் தீராமல், அவள் இல்லாதபோது அவளுடைய வீராங்கனையை எடுத்து ஆடினேன். இடது கை வீச்சில் பாதி தவறியது. தடுக்கக் கேடயமில்லாமல் முதல் சண்டையிலேயே செத்தேன்; அவளுடைய ஆளைத் திரையில் அப்படியே கிடக்கவிட்டு எழுந்துவிட்டேன். அக்கா எதையும் மாற்றவில்லை, நன்றாக ஆடியிருக்கிறாள். அதை யாரிடமும் நான் சொல்லவில்லை.

இன்னும் மனாமாவிலேயே இருக்கும் அக்காவை இன்று அழைத்து அதைச் சொன்னேன்.

“என் ஆளு செத்துக் கெடந்தப்பவே தெரியும்லே,” என்றாள். “நீயா சொல்லுவியான்னுதான் பாத்துட்டிருந்தேன்.”