என் அறையில் முளைத்த பாலை

நானா, என் அண்ணன், மன்னாரிலிருந்து போன் எடுத்து, எங்கள் பழைய வீட்டுக்குள் காடு நிற்கிறது என்று சொன்னபோது எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. யுத்தம் முடிந்து அடுத்த வருஷம் அது. தொண்ணூறில் புலிகள் துரத்தியபோது விட்டுவிட்டு வந்த காணியைத் துப்புரவாக்க நானா போயிருந்தார். கூரை இல்லை, கதவு இல்லை, நிலை கூட இல்லையாம். மரம் மட்டும் தாராளமாக இருந்ததாம்.

"உன்ட அறைக்குள்ள ஒரு பாலை நிக்குது புள்ள. சுவருக்கு மேலால போயிட்டு. நாளைக்கு மெசின் வருது, எல்லாத்தையும் தள்ளப் போறம்."

"என்னக் கேக்காம என்ட அறையில இருவது வருஷம் குடியிருந்திரிக்கு," என்றேன். "தள்ளுறதெண்டாத் தள்ளுங்க. ஆனா காலடியில சின்னச் சின்னக் கண்டு நிக்கும். அதுகள மண்ணோட கிளப்பி எனக்கு அனுப்புங்க."

நானாவுக்குக் கோபம் வந்துவிட்டது. நீ எப்போது வருகிறாய் என்று கேட்க எடுத்த போன் அது. ஊரெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டிருந்த நேரம். நான் மட்டும் மாட்டேன் என்று நின்றேன். என் புருஷனுக்கு இங்கே புத்தளத்து உப்பளத்தில் வேலை, பிள்ளைகளுக்கு இங்கே பள்ளிக்கூடம், எனக்குக் கல்பிட்டிப் பக்கத்து வெங்காயத் தோட்டங்களில் கூலி. உம்மாவை இந்த மண்ணில்தான் அடக்கினோம். கேட்டவர்களுக்கெல்லாம் இந்தக் காரணங்களைச் சொல்வேன். உண்மையான காரணம் வேறு. ஒரு தடவை 'போ' என்று சொன்னார்கள், போட்டது போட்டபடி எழும்பி வந்தோம். வந்த இடத்தில் இருபது வருஷம் 'அகதி' என்றார்கள். யுத்தம் முடிந்த மறுநாளே 'இனிப் போகலாம்தானே' என்றார்கள். இன்னொருத்தர் வாயைப் பார்த்து எழும்புவதும் இருப்பதும் எனக்கு அலுத்துப்போயிருந்தது.

நானா கோபத்தோடுதான் அனுப்பினார், ஆனால் அனுப்பினார். மீன் பெட்டி இரண்டில், ஈரச் சாக்கு சுற்றி, நாற்பது கன்றுகள். பாலையும் வீரையும். எங்கள் பக்கத்துக் காட்டு மரங்கள். விரல் நீளம், நாலைந்து இலை. ஒரு பெட்டியின் மண்ணுக்குள் எங்கள் வீட்டுச் சீமெந்துத் துண்டொன்று கிடந்தது. அதை எடுத்துக் கழுவி அலுமாரிக்குள் வைத்தேன்.

எங்கள் வீட்டு வளவில் நாற்பது மரம் நட முடியாது. பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு நிலத்துண்டு சும்மா கிடந்தது. ஒரு பக்கம் பள்ளி மதில், மறுபக்கம் எவரோ கைவிட்டுப் போன இறால் தொட்டி. வெறும் மணல். மதியத்தில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. பள்ளி நிர்வாகத் தலைவரிடம் போய் அதைக் கேட்டேன். அவரும் எங்கள் ஊர்க்காரர், தொண்ணூறில் எங்களோடு வந்தவர், கருவாட்டு வியாபாரி. அந்த நிலத்தில் கருவாடு காயப்போட அவருக்கு ஒரு கண் இருந்தது ஊருக்கே தெரியும்.

"காட்டு மரமா?" என்றார். "தென்னை வெச்சாலும் பள்ளிக்கு ஒரு வருமானம்."

"நிழலும் வருமானந்தான் ஹாஜியார்."

யோசித்தார். மனுஷன் நியாயக்காரர், அதையும் சொல்ல வேண்டும். "சரி. மூணு கோடை பாப்பம். நாப்பதுல பாதி உசிரோட நிண்டா நிலம் மரத்துக்கு. இல்லாட்டிக் கருவாட்டுக்கு."

மாரி மழையோடு நட்டேன். மழை இருக்கும்வரை என்னைப் போல விவசாயி உலகத்தில் இல்லை. எல்லாம் துளிர்த்து நின்றன. மழை ஓய்ந்து வெயில் தொடங்கியதும்தான் என் மூளை வேலை செய்தது, அதுவும் தப்பாக. மன்னாரில் வாப்பா கடலோரக் களப்பில் ஒதுங்கும் சாதாளைப் பாசியை வண்டியில் ஏற்றிவந்து மரத்தடியில் போடுவார். அந்த மரங்களின் செழிப்பு எனக்குக் கண்ணுக்குள் நின்றது. நானும் களப்புக் கரைக்குப் போய்க் கூடை கூடையாக அள்ளிவந்து ஒவ்வொரு கன்றுக்கும் கழுத்துவரை மெத்தை போட்டேன். மண் சுடாது, ஈரம் நிற்கும் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பத்து நாளில் இலை ஓரம் கருகியது. தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றினேன். ஊற்ற ஊற்றச் செத்தன.

பக்கத்துத் தென்னங்காணிக்காரி வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றாள். புத்தளத்திலேயே பிறந்து வளர்ந்தவள், என்னைவிட மூத்தவள். இருபது வருஷமாக எங்களை 'அகதி ஆக்கள்' என்றுதான் சொல்வாள், நானும் இருபது வருஷமாக அவளுக்கு முகம் கொடுத்ததில்லை.

"சாதாளைய எப்ப அள்ளின?" என்றாள்.

"போன கிழமை."

அவள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. "உன்ட வாப்பா மாரிக்கு முந்திக் குவிச்சு வெச்சிருப்பாரு புள்ள. ஒரு மழைக்காலம் முழுக்க நனைஞ்சு உப்புக் கழுவுண்ட பொறகுதான் மரத்துக்குப் போட்டிருப்பாரு. நீ நேரா உப்ப அள்ளி அதுகள்ற வாயில தீத்தியிருக்கிற."

வாப்பா பாசியைக் குவித்ததும் நனைந்ததும் நான் பார்த்ததுதான். வண்டி வந்ததை நினைவில் வைத்தேன், குவியல் மழையில் கிடந்த மாதங்களை மறந்துவிட்டேன். ஊர் ஊர் என்று பெருமை பேசுகிற எனக்கு ஊரின் பாதிதான் ஞாபகம் இருந்தது. பாசியை அள்ளி எறிந்துவிட்டு, காய்ந்த கன்றுகளைப் பிடுங்கும்போது அழுதேன். அறைக்குள் யாரும் ஒரு கை தண்ணீர் ஊற்றாமல் சுவரைத் தாண்டிய மரத்தின் கன்றுகள், நான் என் கையால் ஊற்றிச் செத்துப்போயின. பதினேழு போயின. இருபத்துமூன்று மிச்சம்.

தென்னங்காணிக்காரி மறுநாள் வேலியில் நின்று கேட்டாள்: "தென்னை வெச்சவன் தின்னுட்டுச் சாவான், பனை வெச்சவன் பாத்துட்டுச் சாவான். பாலை வெச்சவ?"

"அவ சாகமாட்டா ராத்தா," என்றேன்.

முதல் தடவையாக அவளை ராத்தா என்று, அக்கா முறை சொல்லிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான். கோபத்தில் வாய் தவறி வந்தது. அவள் தன் காணிக்குள் திரும்பிப் போனாள். பின்னேரம் வந்து பார்த்தால் வேலிக்கு இந்தப் பக்கம் தேங்காய் உரித்த பொச்சு மட்டை மலைபோல் கொட்டிக்கிடந்தது. கன்றைச் சுற்றி ஒரு முழ ஆழத்துக்குக் குழி வெட்டி, பொச்சை உள்பக்கம் மேலே பார்க்க அடுக்கி மண் போடச் சொன்னாள். புத்தளத்துத் தென்னைக்கு அவர்கள் செய்கிற முறை. ஊற்றுகிற தண்ணீரை ஒவ்வொரு மட்டையும் பிடித்துவைத்துக் கொடுக்கும். மேற்கே கச்சான் காற்று வருகிற பக்கம் தென்னோலைக் கிடுகு சாத்தி, ஆடு கடிக்காமல் சுற்றிலும் முள் வளைத்தேன்.

தண்ணீருக்குத்தான் வழியில்லை. எங்கள் குடியிருப்பில் குடிக்கிற தண்ணீர் பவுசர் லொறியில் வரும். அதில் ஒரு வாளி மரத்துக்கு ஊற்றினால் ஊர் என்னை ஊற்றி மூடிவிடும். இரண்டாம் கோடையில்தான் பள்ளியின் ஹவுள் கண்ணில் பட்டது. தொழ வருகிறவர்கள் வுளூச் செய்கிற தொட்டி. கை, வாய், முகம், கால் என்று கழுவின தண்ணீர் வடிகானில் ஓடி, மதிலுக்கு வெளியே சேற்றில் நின்று கடிக்கிற நுளம்பு வளர்த்தது. சவர்க்காரம் இல்லாத சுத்தமான தண்ணீர், ஒரு நாளைக்கு ஐந்து தரம்!

பாங்கு சொல்கிற பள்ளி மோதினாரிடம் கேட்டேன். "வுளூத் தண்ணி காலில மிதிபடுறத விட மரத்துக்குப் போறது நல்லந்தானே," என்று அவரே மண்வெட்டி எடுத்து வடிகானைத் திருப்பிவிட்டார். மதிலடியில் ஒரு குழி வெட்டி அதில் தேங்க வைத்து வாளியால் மொண்டு ஊற்றினேன். பள்ளிக்குப் பின்னால் ஒரு பொம்பிளைக்கு என்ன வேலை என்று இரண்டொருவர் முணுமுணுத்தார்கள். வாளியை அவர்கள் பக்கம் நீட்டினேன். ஒருவரும் வாங்கவில்லை.

அந்த வருஷங்களில் நோன்பு சரியாகக் கச்சான் காலத்தில் வந்தது. வெயிலில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டும். நான் நோன்போடு வாளி தூக்கினேன். ஆனால் நோன்பில்தான் பள்ளி நிறையும். வருஷம் முழுக்க எட்டிப் பார்க்காதவர்களும் வந்து வுளூச் செய்வார்கள், குழி தளும்பும். மற்ற ஊர்களில் ஆடி வெயிலில் மரம் வாடும், என் பாலைகள் நோன்பு மாதத்தில் துளிர் விட்டன. அந்தக் கோடையில் ஐந்து கன்றுகள்தான் போயின. பதினெட்டு நின்றன. பாதிக்கு இரண்டு குறைவு என்று எனக்குத் தெரியும். தலைவருக்கும் தெரியும். அவர் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் விரலை மடக்கி எண்ணுவது மதிலுக்கு மேலால் தெரியும். நான் குனிந்து மொண்டுகொண்டே இருப்பேன். தோற்றுப்போன பந்தயத்தையும் முடியும்வரை ஓடித்தான் ஆக வேண்டும்.

மூன்றாம் கோடை எங்களைப் பழிவாங்க வந்ததுபோல் வந்தது. சித்திரையில் ஒரு துளி இல்லை. ஆனியில் பள்ளிக் கிணறு அடி காட்டியது, மோட்டார் சேற்றை இழுத்தது. ஹவுளைப் பூட்டி, வீட்டிலேயே வுளூச் செய்து வரும்படி மோதினார் அறிவித்தார். என் குழி இரண்டே நாளில் காய்ந்து வெடித்துப்போனது.

நான் வீடு வீடாகப் போனேன். முதல் வீட்டுக்காரி என்னைக் கண்டதுமே கையெடுத்துக் கும்பிடாத குறை. "குடிக்கவே தண்ணியில்ல ராத்தா."

"குடிக்கிற தண்ணியக் கேக்கல்ல. நீங்க தொழத்தானே போறீங்க? பேசன் ஒண்ட வெச்சு அதுக்கு மேல வுளூச் செய்யுங்க. கழுவின தண்ணியத் தாங்க."

அதற்கு 'இல்லை' என்று சொல்ல அவளுக்குக் காரணம் கிடைக்கவில்லை. அடுத்த வீட்டிலும் அதுதான். ஒரு கிழமைக்குள் இருபது வீடு. அதுவரை ஆண்கள் கழுவின தண்ணீர் குடித்த மரங்கள் அன்றிலிருந்து பெண்கள் கழுவின தண்ணீர் குடித்தன. பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு வாளியும் பிளாஸ்டிக் கானுமாக வரிசையில் வருவார்கள். ஒருத்தி ஒரு நாள் காதோடு சொன்னாள்: "எனக்கு இந்த நாலஞ்சு நாளைக்குத் தொழுகையில்ல. அரிசி கழுவின தண்ணி கொண்டாந்திரிக்கன், பரவாயில்லையா?" தென்னங்காணிக்காரி தன் வீட்டிலிருந்து நீலக் கானில் தினமும் கொண்டுவந்தாள். ஒரு நாள் அவள் வேறொருத்தியிடம் என்னைக் காட்டி, "எங்கட ஊர்ப் புள்ள," என்று சொன்னதைக் கேட்டேன். கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அப்படியும் ஏழு போயின. மழை இருண்டு வந்த ஒரு பின்னேரம் தலைவர் வந்தார். ஒவ்வொரு கிடுகாக விலக்கிப் பார்த்து எண்ணினார். பதினொன்று.

"பாதி இல்லையே புள்ள," என்றார். குரலில் குத்தல் இல்லை, கவலைதான். அது எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

"ஹாஜியார், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு வாற ஆக்கள்ற செருப்பு பள்ளி வாசல்ல கிடக்கிறத நான் வெளியில நிண்டு பாக்கிறவ. நாங்க வந்த காலத்துல கால் வைக்க இடமிருக்காது. இப்ப அதுல கால்வாசி கூட இல்ல. மத்தவங்க எல்லாம் ஊருக்குப் போயிட்டாங்க. உங்கட மகன்மாரும் போயிட்டாங்க. பாதி இல்ல எண்டு பள்ளியப் பூட்டினீங்களா?"

சத்தமாகச் சொல்லிவிட்டேன். வாளியோடு வந்த பெண்கள் அப்படியே நின்றார்கள். தலைவர் எதிர்ப்பக்கம் இறால் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நேரம் பார்த்து மஃரிப் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. ஹவுள் இன்னும் பூட்டித்தான் இருந்தது. அவர் திரும்பி, தென்னங்காணிக்காரியிடம், "வீட்டில வேற நல்ல தண்ணி இரிக்கா?" என்று கேட்டார். அவள் போய் ஒரு செம்பில் கொண்டுவந்தாள். மனுஷன் சாரத்தை ஒதுக்கிக்கொண்டு பதினோராவது பாலையின் அடியில் குந்தினார். கை கழுவினார், வாய் கொப்பளித்தார், முகம் கழுவினார், கடைசியில் இரண்டு காலையும் கழுவினார். ஒரு சொட்டு வெளியே போகாமல் எல்லாம் பொச்சுக்குள் இறங்கியது. தொழப் போனார். கருவாட்டுக் கதையை அதற்குப் பிறகு அவர் எடுக்கவேயில்லை.

பாலை என் தோளளவு வந்துவிட்டது. பூக்க இன்னும் எத்தனை வருஷமோ, பழுக்க எத்தனையோ. நானா இப்போதும் ஒவ்வொரு பெருநாளுக்கும் போன் எடுப்பார். ஊர்ப் புதினமெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் வழக்கமான கேள்விக்கு வருவார்.

"எப்ப புள்ள ஊருக்கு வாற?"

"இங்க பாலை பழுக்கட்டும் நானா," என்பேன். "பழம் கொண்டு வாறன்."